ஒரே வீடியோ, மூன்று வீடுகள்: டிஸ்கில் போட எந்த வடிவம்?

தாத்தாவின் சதாபிஷேகம் முடிந்து சில வாரங்களில் ஸ்டூடியோக்காரர் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். எடிட் செய்து முடித்த ஒரே கோப்பு. 2 மணி 10 நிமிடம், 14 ஜிபி, 1080 வரித் தெளிவு, நொடிக்கு 25 ஃபிரேம், எம்பி4. இதுபோக, தம்பி தங்கைகள் போனில் எடுத்த துண்டுகள் சுமார் 40 நிமிடம்.

இதை மூன்று வீடுகளுக்குப் பிரிக்க வேண்டும். மயிலாடுதுறையில் அத்தை, அவர் வீட்டு டிவிக்குக் கீழே பல வருஷமாக ஒரு டிவிடி பிளேயர் இருக்கிறது. டொராண்டோவில் சித்தப்பா, அவரிடம் ப்ளூ-ரே பிளேயர். மூன்றாவது எங்கள் வீடு. இங்கே பார்ப்பது இரண்டாம் பட்சம், பத்திரமாக வைத்திருப்பதுதான் முக்கியம்.

யூடியூபில் ஏற்றி லிங்க் அனுப்பலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அனுப்பினோம். அத்தை பார்க்கவே இல்லை. “தம்பி, சிடில போட்டுக் குடுத்துடுப்பா. அதுல போட்டாதான் எனக்கு நானே பாத்துக்க முடியும்” என்றார். அவருக்கு எல்லா வட்டத் தகடும் சிடிதான். ரிமோட்டில் எந்தப் பட்டன் என்று கைக்குத் தெரியும், யாரையும் கூப்பிட வேண்டாம். வயதான காலத்தில் ஒருவர் தனக்கு வேண்டியதைத் தானே போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயமான ஆசை. அதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெட்டேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு, ஒவ்வொரு இடத்திலும் என்னென்ன வழிகள் இருந்தன, எதை எடுத்தேன், ஏன் என்று எழுதுகிறேன்.

அத்தையின் பிளேயருக்கு எது ஓடும்?

முதலில் நான் செய்தது தவறு. வீடியோவைச் சின்னதாக்கி 4 ஜிபிக்குள் கொண்டுவந்து, அந்த எம்பி4 கோப்பை அப்படியே ஒரு டிவிடியில் ரைட் செய்து எடுத்துப் போனேன். பிளேயர் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ‘நோ டிஸ்க்’ என்று காட்டியது. டிஸ்கில் ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டரில் போட்டால் ஓடியது. பிளேயருக்கு அந்தக் கோப்பைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டிவிடி பிளேயர் ஒரு கம்ப்யூட்டர் மாதிரி எல்லாக் கோப்பையும் திறந்து பார்ப்பதில்லை. ‘வீடியோ டிஎஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறதா, அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ கோப்புகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று தேடும். விஓபிக்குள் படம் எம்பெக்-2 ஆக இருக்க வேண்டும். நம் ஊர் முறையில் 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம். ஒலி ஏசி-3 அல்லது பிசிஎம் போன்ற ஒன்றாக, 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். போன்களும் ஸ்டூடியோக்களும் தரும் எம்பி4 கோப்பில் படம் எச்.264 அல்லது எச்இவிசி, ஒலி ஏஏசி. இந்த மூன்றுமே டிவிடி-வீடியோவின் விதிப்புத்தகத்தில் கிடையாது. அதனால் கோப்பை டிஸ்கில் போடுவது ஒரு வேலை, டிவிடி ஆக்குவது வேறொரு வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான டிஸ்குகள் வீணாகின்றன.

டிவிடி-வீடியோவைத் தவிர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எக்ஸ்விட் ஏவிஐ என்ற சுருக்கிய கோப்பு வடிவம். பிளேயரின் முகப்பில் டிவ்எக்ஸ் முத்திரை இருந்தால் ஏவிஐ கோப்புகளை டேட்டா டிஸ்கிலிருந்தும், யுஎஸ்பி துளை இருந்தால் பென்டிரைவிலிருந்தும் படிக்கும். ஒரே டிஸ்கில் நான்கைந்து மணி நேரம் கூட நல்ல தரத்தில் அடங்கும், மெனுவும் கோப்புறையும் கோத்து டிவிடி ஆக்கும் ‘ஆத்தரிங்’ என்ற வேலையே இல்லை. ஆனால் இந்தப் பிளேயர்கள் அதிகபட்சம் 720க்கு 576 வரைதான் ஏற்கும், எக்ஸ்விட்டின் சில நுணுக்க வசதிகளைப் போட்டுவிட்டால் படம் திக்கித் திணறும். எல்லாவற்றையும்விட, திரையில் வருவது கோப்புப் பெயர்களின் பட்டியல். அத்தைக்கு அது பிடிபடாது. இடையில் நிறுத்தினால் அதே இடத்திலிருந்து தொடங்குமா என்பதும் பிளேயருக்குப் பிளேயர் மாறும்.

இன்னொன்று விசிடி. நம் ஊர்க் கல்யாண வீடியோக்கள் ஒரு காலத்தில் இதில்தான் வந்தன. 352க்கு 288 புள்ளிகள், எம்பெக்-1, நொடிக்கு 1150 கிலோபிட். ஒரு சிடியில் 74 அல்லது 80 நிமிடம். 1080 வரியில் எடுத்த படத்தை இதற்குள் திணித்தால் தாத்தாவின் முகமே மங்கிவிடும். டிவிடியைப் படிக்கும் பிளேயர் வீட்டில் இருக்கும்போது விசிடியை யோசிக்கவே வேண்டாம்.

ஆக, அத்தைக்கு டிவிடி-வீடியோதான். மெனுவில் நான்கு பட்டன்கள், அம்பை நகர்த்தி ஓகே அழுத்தினால் ஓடும். மெனுவில் தமிழ் எழுத்து வேண்டுமென்றால், மென்பொருளுக்குள் தட்டச்சு செய்வதைவிட, எழுத்தோடு சேர்த்து ஒரு படமாகவே தயாரித்துப் பின்னணியாக வைத்துவிடுவது நல்லது. கொம்பும் காலும் இடம் மாறும் தொல்லை இருக்காது.

ஒரு டிஸ்கா, இரண்டா, இரட்டை அடுக்கா

தரத்தை முடிவு செய்வது இந்தக் கேள்விதான். எந்த மென்பொருள் என்பதைவிட இது பல மடங்கு முக்கியம். ஆனாலும் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். அது 470 கோடி பைட். விண்டோஸ் கணக்கில் அது 4.38 ஜிபி என்றுதான் தெரியும், ஏமாந்துவிட வேண்டாம். பிட்டில் சொன்னால் சுமார் 37,600 மெகாபிட். இதை வீடியோவின் நீளத்தால், நொடிக் கணக்கில், வகுத்தால் ஒரு நொடிக்கு எவ்வளவு இடம் என்பது வந்துவிடும். 2 மணி 10 நிமிடம் என்பது 7,800 நொடி. வகுத்தால் நொடிக்கு 4.8 மெகாபிட். இதில் ஒலிக்கு 0.2, கட்டமைப்புச் செலவுக்குக் கொஞ்சம் போனால் படத்துக்கு 4.4 மெகாபிட் மிஞ்சும்.

4.4 என்பது மோசமான எண் இல்லை. யாராவது உட்கார்ந்து பேசும் காட்சிக்கு அது தாராளம். ஆனால் சதாபிஷேகத்தில் என்னென்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஹோமப் புகை. சல்லடை வழியாகத் தாத்தா பாட்டி தலையில் கலச நீர் ஆயிரம் தாரையாக இறங்குகிறது. கெட்டிமேளம் கொட்ட, நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. இடையிடையே கேமரா ஃபிளாஷ். எம்பெக்-2 முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை வைத்துத்தான் இடத்தை மிச்சப்படுத்துகிறது. மேலே சொன்ன காட்சிகளில் எல்லாமே மாறுகிறது, மிச்சப்படுத்த ஒன்றும் இல்லை. குறைந்த பிட்ரேட்டில், அதாவது நொடிக்குக் குறைந்த இடத்தில், அட்சதை ஒவ்வொன்றும் சதுரக் கட்டங்களாகச் சிதறும். பட்டுப்புடவை ஜரிகை கொதிப்பது போலத் துடிக்கும். வீட்டில் எல்லோரும் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கப்போகிற இடமும் அதுதான்.

இரட்டை அடுக்கு டிஸ்கில் 8.5 ஜிபி இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே டிஸ்கில் 8 மெகாபிட்டில் போட்டுவிடலாம். ஆனால் அது விலை அதிகம், கடைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும், முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதற்குத் தாவும் இடத்தில் பழைய பிளேயர்கள் தடுமாறும். அத்தை வீட்டுப் பிளேயரை வைத்து அந்தப் பரீட்சையை எழுத எனக்கு மனமில்லை.

இரண்டு டிஸ்காகப் பிரித்தேன். காலையில் சடங்குகள் 80 நிமிடம், மாங்கல்யதாரணத்தோடு முடிகிறது. சாப்பாடு, ஆசீர்வாதம், பேரப்பிள்ளைகளின் பாட்டு எல்லாம் இரண்டாவதில் 50 நிமிடம். அத்தையே கேட்டார், “எப்படியும் மத்தியானம் தூங்கி எழுந்து மீதியப் பாப்பேன், ரெண்டா இருந்தா என்ன?” முதல் டிஸ்குக்கு 6.8 மெகாபிட், இரண்டாவதற்கு 8. விதிப்படி படத்துக்கு 9.8 வரை போகலாம். ஆனால் வீட்டில் ரைட் செய்த டிஸ்குகளில் அவ்வளவு உயரம் போனால் சில பிளேயர்கள் மூச்சு வாங்கும், அதனால் 8க்கு மேல் நான் போவதே இல்லை.

இன்னொன்று. மென்பொருளில் ‘இரண்டு பாஸ்’ என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். முதல் சுற்றில் எந்த இடம் கடினம் என்று பார்த்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் புரோகிதர் மந்திரம் சொல்லும் இடத்தில் மிச்சம் பிடித்து அட்சதைக்குக் கொடுக்கும். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும்.

ஒலியைச் சுருக்காத பிசிஎம்மில் வைத்தால் நாதஸ்வரம் இன்னும் நன்றாக இருக்குமே என்று ஒரு சபலம் வந்தது. அது நொடிக்கு 1.5 மெகாபிட் தின்னும். ஒரே டிஸ்கில் போட்டிருந்தால் படத்தின் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். ஏசி-3யில் 224 கிலோபிட் வைத்தேன், தவிலின் அடி தெளிவாகவே கேட்கிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயர்தெளிவுப் படத்துக்கும் டிவிடிக்கும் நிறத்தைக் கணக்கிடும் சூத்திரம் வேறு வேறு. மாற்றும்போது அதையும் மாற்றாவிட்டால் சிவப்பும் பச்சையும் லேசாக நகர்ந்துவிடும். பாட்டி கட்டியிருந்தது அரக்குப் பட்டு. முதல் முயற்சியில் அது செங்கல் நிறத்துக்கு வந்தது, பாட்டிதான் கண்டுபிடித்தார்.

டொராண்டோ: நொடிக்கு 25 என்ற சிக்கல்

சித்தப்பாவுக்கும் அத்தைக்குப் போட்டதையே இரண்டு காப்பி எடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது ஓடாது.

இந்தியா, இலங்கை, ஐரோப்பா எல்லாம் ‘பால்’ முறை. நொடிக்கு 25 ஃபிரேம், 576 வரி. கனடா, அமெரிக்கா, ஜப்பான் என்டிஎஸ்சி, நொடிக்கு 29.97 ஃபிரேம், 480 வரி. இங்கே விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். வட அமெரிக்காவில் விற்பவை பொதுவாக என்டிஎஸ்சியை மட்டும்தான் ஓட்டும். ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டில் ஓடாமல் தடுக்கும் ‘ரீஜன் கோடு’ என்று ஒன்று உண்டே, அதுதான் தடை என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் தயாரிக்கும் டிஸ்கில் அந்தப் பூட்டையே போட வேண்டியதில்லை. தடை இந்த 25க்கும் 29.97க்கும் நடுவில் இருக்கிறது.

25ஐ எப்படி 29.97 ஆக்குவது? மூன்று வழி உண்டு. ஐந்து ஃபிரேமுக்கு ஒன்றைத் திருப்பிப் போட்டு எண்ணிக்கையை நிரப்பலாம். கேமரா பக்கவாட்டில் நகரும்போது நொடிக்கு ஐந்து முறை படம் தட்டும். இரண்டு ஃபிரேம்களைக் கலந்து புதிது உண்டாக்கலாம். தட்டல் குறையும், கைகளுக்குப் பின்னால் நிழல் போல இன்னொரு கை தெரியும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. வீடியோவைக் கொஞ்சம் மெதுவாக ஓடவைத்து நொடிக்கு 23.976 ஃபிரேம் ஆக்கிவிடுவது. சினிமாவின் வேகம் அது, என்டிஎஸ்சி டிவிடியும் ப்ளூ-ரேயும் அந்த வேகத்தைச் சரளமாகக் கையாளும். ஒரு ஃபிரேமும் கூடவில்லை, குறையவில்லை, கலக்கவில்லை. 130 நிமிடம் 135 நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகிறது, நான்கு சதவீதம். நடையிலும் பேச்சிலும் அது தெரிவதே இல்லை.

ஆனால் ஒலியைப் படத்தோடு சேர்த்து அப்படியே மெதுவாக்கினால் சுருதி இறங்கிவிடும். கணக்குப் போட்டால் அரைச்சுரத்தில் முக்கால் பங்கு. வேறு வீடியோ என்றால் விட்டுவிடலாம். எங்கள் சித்தப்பா சின்ன வயதில் நாதஸ்வரம் கற்றவர். அவருக்குச் சுருதி இறங்கிய மல்லாரியை அனுப்ப முடியாது. அதனால் சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வசதியைப் பயன்படுத்தினேன். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ‘டெம்போ’ என்று தேடினால் கிடைக்கும், வீடியோ மாற்றும் எஃப்எஃப்எம்பெக்கிலும் உண்டு. காலப்பிரமாணம் ஒரு மயிரிழை விளம்பமாகிறது, சுருதி நின்ற இடத்தில் நிற்கிறது.

இனி, அவருக்கு டிவிடியா, ப்ளூ-ரேயா? அவரிடம் ப்ளூ-ரே பிளேயரும் பெரிய டிவியும் இருக்கின்றன. டிவிடி ஆக்கினால் ஸ்டூடியோ கொடுத்த 1080 வரிகள் 480க்கு இறங்கும், அதாவது பாதிக்கும் கீழே. ப்ளூ-ரேயில் ஒரு அடுக்கிலேயே 25 ஜிபி இருக்கிறது. படத்துக்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் தரும். நம்மிடம் இருப்பதே 14 ஜிபிதான். எச்.264 அங்கே அனுமதிக்கப்பட்ட வடிவம். தெளிவு ஒரு புள்ளிகூடக் குறையாமல் போகும்.

சிக்கல், ப்ளூ-ரே விதிகளும் கறாரானவை. 1080 வரியில் நொடிக்கு 25 முழு ஃபிரேம் என்ற ஒன்றே அதன் பட்டியலில் கிடையாது. 50 அரைஃபிரேம்கள் என்று முத்திரை குத்தி அனுப்பலாம், ஆனால் வட அமெரிக்கப் பிளேயர்கள் அதை ஏற்கும் என்று உத்தரவாதம் இல்லை. மேலே சொன்ன 23.976 இங்கேயும் கைகொடுத்தது. ஏஏசி ஒலி இங்கும் செல்லாது, ஏசி-3 ஆக்க வேண்டும். எக்ஸ்264 என்ற குறியாக்கியில் (எச்.264 படத்தை உண்டாக்கும் மென்பொருள்) ப்ளூ-ரேக்கு ஒத்துப்போகும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு ஒரு முறை மாற்றி, டிஎஸ்மக்ஸர் என்ற மென்பொருளில் ப்ளூ-ரே கோப்புறையாக்கி ரைட் செய்தேன். இதற்கு ப்ளூ-ரே ரைட்டர் வேண்டும், டிஸ்கும் டிவிடியைவிட விலை கூடுதல். ஒரே ஒரு டிஸ்குக்காக ரைட்டர் வாங்குவது கட்டுப்படியாகாது. நண்பரிடம் இரவல் வாங்கினேன்.

ரைட்டர் கிடைக்காதவர்களுக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஏவிசிஎச்டி. 2006இல் சோனியும் பானசோனிக்கும் கேம்கார்டர்களுக்காகக் கொண்டுவந்தது. எச்.264 படத்தைச் சாதாரண டிவிடித் தகட்டிலேயே எழுதலாம், பல ப்ளூ-ரே பிளேயர்கள் ஓட்டும். ஆனால் 4.7 ஜிபிக்குள் 14 ஜிபி போகாது, மூன்று நான்கு தகடு ஆகும். அரை மணி நேரப் படத்துக்கு ஏவிசிஎச்டி அருமை. இரண்டு மணி நேரத்துக்கு இல்லை.

போன் துண்டுகள்

இவற்றை முதலில் அலட்சியமாக எடுத்துக்கொண்டேன். ஆனால் தரத்தில் அதிகம் தொல்லை கொடுத்தவை இவைதான்.

போன் வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம் என்பார்கள். உண்மையில் அது நிலையாக இருப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் 24க்கு இறங்கும், திரும்ப ஏறும். டிவிடி நிலையான எண்ணிக்கையைத்தான் ஏற்கும். நேராக ஆத்தரிங் மென்பொருளில் போட்டால் தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்தி, பத்தாவது நிமிடத்தில் குரல் முந்திக்கொண்டு போகும். முதலில் எல்லாத் துண்டுகளையும் நிலையான 29.97க்கு மாற்றிக்கொண்டு, அப்புறம்தான் மற்ற வேலை.

நெட்டுவாக்கில் எடுத்தவை இருந்தன. இரு பக்கமும் கறுப்பு விடுவதா, மேலும் கீழும் வெட்டி அகலமாக்குவதா? வெட்டினால் தாத்தாவின் பாதமும் வணங்குகிறவரின் தலையும் ஒரே சட்டத்தில் வராது. கறுப்பை விட்டேன்.

25 ஃபிரேம் படமும் 30 ஃபிரேம் படமும் ஒரே டிவிடியில் வரக்கூடாது. பாலும் என்டிஎஸ்சியும் ஒரு டிஸ்கில் சேராது. போன் துண்டுகளைப் பால் முறைக்கு மாற்றினால் மறுபடி அந்தத் தட்டல். எனவே அவற்றைத் தனியாக ஒரு என்டிஎஸ்சி டிவிடியாக்கினேன். அத்தையின் பிளேயர் இரண்டையும் ஓட்டும், சித்தப்பாவின் ப்ளூ-ரே பிளேயர் என்டிஎஸ்சி டிவிடியை ஓட்டும். ஒரு தடவை தயாரித்து இரண்டு காப்பி. ஒலியில் மட்டும் கவனம் தேவை: எம்பி2 ஒலி பால் டிஸ்குகளில் பரவாயில்லை, என்டிஎஸ்சி பிளேயர்கள் அதைப் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏசி-3தான் பொது.

அத்தையின் பழைய விசிடிகள்

டிஸ்க் வேலை நடக்கிறது என்று தெரிந்ததும் அத்தை பீரோவிலிருந்து தன் பெண்ணின் கல்யாண விசிடி மூன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டில் கீறல்.

இங்கே ஒரு நல்ல செய்தி. பெரும்பாலான கடைகளில் விசிடியை எடுத்து எம்பெக்-2 ஆக, 720க்கு 576ஆகப் பெரிதாக்கி டிவிடி போட்டுத் தருவார்கள். அதற்குத் தேவையே இல்லை. டிவிடி-வீடியோ விதியில் 352க்கு 288 அளவுள்ள எம்பெக்-1 படமும் அனுமதிக்கப்பட்டதுதான், அதாவது விசிடியில் இருக்கும் படம் அப்படியே போகலாம். படத்தைத் தொடாமல், ஒலியை மட்டும் 44.1இலிருந்து 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும். பெரிதாக்கினால் கூடுதல் தெளிவு வரப்போவதில்லை. இருக்கும் கட்டங்களை இன்னொரு முறை சுருக்கிக் கெடுப்பதுதான் நடக்கும். ஒரே டிவிடியில் ஏழு மணி நேரத்துக்கு மேல் விசிடிப் படம் அடங்கும், மூன்றும் ஒன்றில் போனது.

கீறல் விழுந்த விசிடியைச் சாதாரணமாகக் காப்பி செய்தால் நடுவில் நின்றுவிடும். இடத்தை மிச்சப்படுத்த, விசிடியில் படம் இருக்கும் பகுதியில் பிழை திருத்தும் தகவலைக் குறைத்துத்தான் எழுதியிருப்பார்கள். அதனால் பிழையைத் தாண்டிப் படிக்கும் மென்பொருள் வேண்டும், வேகத்தைக் குறைத்து, முடிந்தால் வேறொரு டிரைவிலும் முயல வேண்டும். என்னிடம் இருந்த இரண்டு டிரைவில் பழையதுதான் படித்தது. வீட்டில் விசிடி இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் வீட்டுக்கு: மாற்றாமல் வைப்பது

பார்க்கும் டிஸ்கும் பாதுகாக்கும் டிஸ்கும் ஒன்றாக இருக்க முடியாது. டிவிடி ஆக்கியதும் தெளிவு போய்விடுகிறது, அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பத்து வருஷம் கழித்து வேறொரு வடிவம் தேவைப்பட்டால் ஸ்டூடியோ கொடுத்த எம்பி4இலிருந்துதான் தொடங்க வேண்டும், டிவிடியிலிருந்து இல்லை. அதனால் இங்கே எந்த மாற்றமும் செய்யாமல் கோப்புகளை அப்படியே டேட்டாவாக ஒரு ப்ளூ-ரே டிஸ்கில் போட்டேன். முதலில் அத்தை வீட்டில் என்னைக் கைவிட்ட அதே முறை, இங்கே சரியான முறை.

டிஸ்கை மட்டும் நம்பவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, அக்கா வீட்டில் இன்னொன்று. சோனி 2025 பிப்ரவரியோடு எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்குகள் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. சாம்சங் 2019இலேயே அமெரிக்கச் சந்தையில் புது ப்ளூ-ரே பிளேயர்களைக் கொண்டுவருவதை விட்டது. நம் ஊர்க் கடைகளில் எங்கும் தொங்கிய மோசர் பேயர் டிஸ்கும் இப்போது இல்லை. தகடு நன்றாகவே இருந்தாலும் படிக்கும் பெட்டி இருக்குமா என்பது தனிக் கேள்வி.

மென்பொருள்

இலவசமானவற்றிலேயே எல்லாம் முடிந்துவிடும். ஹேண்ட்பிரேக்கை எல்லோரும் சொல்வார்கள், நல்ல கருவி, ஆனால் அது எம்பி4, எம்கேவி போன்ற கோப்புகளைத்தான் தரும், டிவிடிக் கோப்புறையை உண்டாக்காது. பென்டிரைவுக்கு அதை எடுங்கள், டிவிடிக்கு வேண்டாம்.

டிவிடிக்கு டிவிடிஸ்டைலர். மெனு, அத்தியாயங்கள், மாற்றுவது எல்லாம் ஒரே இடத்தில். முதல் முறை செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். டிவிடி ஃப்ளிக் இன்னும் எளிது, ஆனால் 2009க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை, புது போன் கோப்புகளில் தடுமாறும். நான் படத்தை எஃப்எஃப்எம்பெக்கில் மாற்றிவிட்டு, டிவிடிஸ்டைலரில் மெனு மட்டும் கோத்தேன். எஃப்எஃப்எம்பெக்கில் ‘டார்கெட்’ என்று ஒரு தேர்வு உண்டு. பால் டிவிடி, என்டிஎஸ்சி டிவிடி என்று சொல்லிவிட்டால் அளவு, ஃபிரேம், ஒலி எல்லாவற்றையும் விதிப்படி தானே அமைத்துக்கொள்ளும், பிட்ரேட்டை மட்டும் நமக்கு வேண்டியபடி மாற்றிக் கொடுக்கலாம். கட்டளை வரி பழகியவர்களுக்கு இதைவிட நிம்மதி இல்லை.

டிவிடிஸ்டைலரில் ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே சரியாக மாற்றிய கோப்பைக் கொடுத்தால், வீடியோவை ‘காப்பி’ செய் என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மறுபடி ஒரு முறை சுருக்கிவிடும்.

ரைட் செய்வது

டிவிடியில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு வகை. பழைய பிளேயர்களுக்கு மைனஸ்தான் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. 16 மடங்கு வேகம் என்று போட்டிருந்தாலும் 8இல் எழுதினேன். எழுதி முடித்ததும், எழுதியது சரியா என்று படித்துப் பார்க்கும் ‘வெரிஃபை’ ஓடவிட்டேன். டிஸ்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும், பின்னாளில் உரியும். மென்மையான முனையுள்ள மார்க்கரால் நடு வளையத்தில் பெயரெழுதினால் போதும். அத்தைக்கு ‘1 காலை’, ‘2 மத்தியானம்’, ‘3 போன்’ என்று எழுதினேன்.

டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. தடுமாற்றம் வருவது பெரும்பாலும் வெளி விளிம்பில், அதாவது நிறைந்த டிஸ்கின் கடைசிப் பகுதியில். முதல் டிஸ்கை 4.7இல் நிரப்பாமல் 4.3 ஜிபியோடு நிறுத்தியதற்கு அதுதான் காரணம், பிட்ரேட் 7.2 வரை போயிருக்கலாம், 6.8இல் நிறுத்தினேன். எங்கள் டிஸ்கில் அந்தக் கடைசி ஐந்து நிமிடம்தான் மாங்கல்யதாரணம். குறியாக்கிக்குக் கடினமான இடமும் தகட்டுக்குக் கடினமான இடமும் ஒன்றாகிவிட்டன.

அதனால் மயிலாடுதுறைக்குப் போனதும் முதலில் தொடக்கத்தைப் போடவில்லை. அத்தையிடம் ரிமோட்டைக் கொடுத்து, மெனுவில் கடைசிப் பட்டனை அழுத்தச் சொன்னேன். கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை மணி மணியாக விழுந்தது, ஒரு கட்டம்கூட உடையவில்லை. “இருப்பா, இன்னொரு வாட்டி போடறேன்” என்று அத்தை தானே பின்னால் நகர்த்தினார்.